ஒளி கசியும் க்ளேயில் அடுக்கு வேலை: முதல் பிசைவிலிருந்து கடைசி மெருகு வரை

ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் கலவையான பாலிமர் க்ளேயில் கொஞ்ச நாள் கை பழகிய எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். ஒரு நிறத்துக்குக் கீழே இன்னொரு நிறம் தெரிய வேண்டும், அதற்கும் அடியில் ஏதோ மின்ன வேண்டும். பாக்கெட்டில் ட்ரான்ஸ்லூசன்ட், அதாவது ஒளி கசியும் என்று போட்ட க்ளேயை வாங்கி, நாலைந்து நிறம் கலந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுட்டு எடுப்பார்கள். வருவது பழுப்பிலும் சேராத, பச்சையிலும் சேராத ஒரு கலங்கல். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

தவறு பெரும்பாலும் அடுக்குவதில் இல்லை. சுடாத க்ளே கண்ணை ஏமாற்றுகிறது. பிசையும்போது அது பால் கலந்த மாதிரி வெளிறிக் கிடக்கும்; வெந்ததும் பால்தன்மை விலகி, உள்ளே போட்ட நிறம் இரண்டு மடங்கு அழுத்தமாக எழுந்து நிற்கும். கண்ணை நம்பி நிறம் போட்டால் கெட்டது. அதனால் இந்த வேலையில் பாதி நேரம் சோதனை வில்லைகளுக்கே போகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் என் மேசையில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இங்கே ஒரே ஒரு பொருளை முழுதாகச் செய்து பார்ப்போம்: வெள்ளை அடித்தளம், அதன்மேல் நீலம், பச்சை, மஞ்சள் சீவல்கள், இடையில் வெள்ளி ரேக்கு, அதாவது மிக மெல்லிய உலோகத் தாள். அளவு சுமார் நான்கு சென்டிமீட்டர் உள்ள பதக்கம். இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் வேறு வேறு வடிவங்கள்தான்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒளி கசியும் க்ளே இரண்டு பாக்கெட். ஒரு பாக்கெட்டில் பொதுவாக 56 அல்லது 57 கிராம் இருக்கும். வெள்ளை ஒரு பாக்கெட், நீலமும் மஞ்சளும் ஆளுக்குக் கொஞ்சம். மூன்றாவது நிறமான பச்சையை நாமே கலந்துகொள்ளலாம். நீலம், பச்சை, மஞ்சள் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்து நிறங்கள் என்பதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் அழுக்காகாது. சிவப்பும் பச்சையும் போன்ற எதிர் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் பழுப்புதான் மிஞ்சும். முதல் முயற்சியில் அந்த வம்பு வேண்டாம்.

எந்தப் பிராண்ட் என்று கேட்பார்கள். செர்னிட், பார்டோ இரண்டும் நல்ல தெளிவு தரும். பிரீமோவின் சாதாரண ட்ரான்ஸ்லூசன்டில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. அதிலேயே வெண்மை கூட்டிய இன்னொரு வகையும் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் எல்லாம் ஒரே பிராண்டாக இருக்கட்டும். ஒன்று 110 டிகிரியில் வேகும், மற்றது 130 கேட்கும். கலந்துவிட்டால் ஒன்று வேகாது, இல்லை இன்னொன்று கருகும்.

நிறம் கொடுக்கும் க்ளேயை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேஸ்டல் வகை நிறங்களில் வெள்ளை கலந்திருக்கும். துளி வெள்ளை போதும், ஒளி கசிவது நின்றுவிடும். அழுத்தமான, சுத்தமான நிறமாகப் பாருங்கள்.

கருவிகள்: பாஸ்தா மெஷின் (இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டித் தகடாக்குவது, கனத்தை எண்ணால் மாற்றலாம்) அல்லது அக்ரிலிக் உருளை, க்ளே வெட்டும் நீளமான மெல்லிய பிளேடு, வழவழப்பான டைல் ஒன்று, சிறிய வட்ட கட்டர், ஊசி, பேக்கிங் தாள், அலுமினியம் தட்டு இரண்டு, 400 முதல் 2000 நம்பர் வரை தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள், பழைய ஜீன்ஸ் துணி. வெள்ளி ரேக்கு என்று கைவினைக் கடைகளில் விற்பது பெரும்பாலும் அலுமினியம்தான். அது கறுக்காது, நமக்கு அதுவே நல்லது. செம்பு ரேக்கும் பித்தளையில் செய்த போலித் தங்க ரேக்கும் நாளடைவில் நிறம் மாறக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி. என் ஓவனின் திருகு 130 காட்டிய நாளில் உள்ளே வெப்பமானி 152 காட்டியது. சாதாரண க்ளேயாக இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. ஒளி கசியும் க்ளே உடனே காட்டிக்கொடுத்துவிடும், தேநீர் நிறத்துக்குப் போய்விடும்.

க்ளேக்குப் பயன்படுத்திய எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. பாஸ்தா மெஷினும் சேர்த்துத்தான்.

2. கை, மேசை, மெஷின்

இந்தப் படி சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். ஒளி கசியும் க்ளே தூசியைக் காந்தம் போல இழுக்கும். உள்ளே போன நூல் பிசிறு சுட்டபின் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி தெரியும். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். வெளிர் நிறப் பருத்தித் துணி நல்லது, பிசிறு விழுந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

ஒரு உருண்டை வெள்ளை க்ளேயை எடுத்துக் கையில் நன்றாக உருட்டுங்கள். பிறகு அதையே மெஷினில் நாலைந்து முறை ஓட்டுங்கள். கையிலும் உருளையிலும் ஒட்டியிருக்கும் பழைய நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். வெள்ளை அழுக்காகாமல் வரும்வரை செய்யுங்கள். அழுக்கான உருண்டையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈரத் துடைப்பானால் கை துடைத்தால் கை முழுதும் காயும்வரை பொறுங்கள். ஈரம் க்ளேக்குள் போனால் என்ன ஆகும் என்று அடுத்த பகுதியில் வருகிறது.

3. காற்றை உள்ளே விடாமல் பிசைவது

வெந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பிறை வடிவத்தில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். க்ளேக்குள் சிக்கிய காற்றும் ஈரமும்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். சுட்டபின் அதை எடுக்க வழியில்லை. ஆகவே பிசையும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் வைத்து இழுத்து இழுத்து மடித்துப் பிசைவதுதான் காற்றை அதிகம் அடைக்கிறது. அதற்குப் பதில் பிளேடால் மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி வைத்து, உருளையால் அழுத்தித் தகடாக்குங்கள். பிறகு மெஷினில் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் மடிப்பு விளிம்பு உருளைக்குள் முதலில் போக வேண்டும், அல்லது பக்கவாட்டில் இருக்க வேண்டும். திறந்த விளிம்பு முதலில் போனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் மடிப்பில் போய்ச் சிக்கும். மடிப்பு முன்னால் போனால் காற்று பின்னால் தள்ளப்பட்டுத் திறந்த பக்கமாக வெளியே போய்விடும். சின்ன விஷயம்தான், ஆனால் பாதிக் குமிழி இதிலேயே போய்விடும்.

பதினைந்து இருபது முறை ஓட்டியபின் தகட்டை வளைத்துப் பாருங்கள். விளிம்பில் வெடிப்பு வராவிட்டால் பதமாகிவிட்டது. மேலே குமிழி தெரிந்தால் ஊசியால் குத்தாமல் பிளேடின் நுனியால் சாய்வாகக் கீறி அழுத்துங்கள். ஊசி போட்ட ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும், காற்று உள்ளேயே நின்றுவிடும்.

4. நிறத்தை அளந்து போடுவது

"கொஞ்சமாகப் போடுங்கள்" என்று சொன்னால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் ஒவ்வொரு அளவு. பட்டாணி அளவு போட்டுவிட்டு, "கொஞ்சமாகத்தானே போட்டேன்" என்பார்கள். அதனால் அளந்துவிடுவது நல்லது.

ஒளி கசியும் க்ளேயை மெஷினின் தடித்த எண்ணில் தகடாக்கி, வட்ட கட்டரால் நான்கு வில்லை வெட்டுங்கள். நீல க்ளேயையும் அதே கனத்தில் தகடாக்கி, அதே கட்டரால் ஒரே ஒரு வில்லை. அந்த நீல வில்லையை எட்டுத் துண்டாக வெட்டுங்கள். அதில் ஒரே ஒரு துண்டு, ஒளி கசியும் வில்லை நான்குக்கு. விகிதம் 1:32.

இதை நன்றாகக் கலந்தபின் பாதியை எடுத்து, அதே அளவு நிறம் போடாத க்ளேயோடு சேருங்கள். ஏறக்குறைய 1:64. அதிலும் பாதி எடுத்து அதே மாதிரி இன்னொரு முறை. ஏறக்குறைய 1:128. மஞ்சளுக்கும் இதே வரிசை. மஞ்சள் மென்மையான நிறம், அதற்கு 1:32 கூடப் பொருந்தும். நீலம் அப்படியில்லை. கையில் இருக்கும்போது 1:128 நீலத்தைப் பார்த்து, "இதில் நிறமே இல்லையே" என்று நினைப்பீர்கள். நினைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

பச்சைக்கு, ஏற்கெனவே கலந்து வைத்த 1:64 நீலத்தையும் 1:32 மஞ்சளையும் சரிபாதி சேர்த்தால் போதும். பாக்கெட்டிலுள்ள நிற க்ளேயிலிருந்து நேரடியாகப் பச்சை செய்யப் போனால் அளவு கையைவிட்டுப் போகும்.

நிற க்ளேக்குப் பதில் ஆல்கஹால் இங்க்கும் (ஆல்கஹாலில் கரைந்த நிற மை) போடலாம், நிறம் இன்னும் தெளிவாக வரும். ஆனால் தகட்டின்மேல் சொட்டு விட்டபின் அரை மணி நேரமாவது காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத நிலையில்தான் மடிக்க வேண்டும். காயாமல் மடித்தால் ஆல்கஹால் உள்ளே மாட்டி, ஓவனில் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பும்.

5. படிக்கட்டு வில்லை: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

கலந்த ஒவ்வொரு நிறத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தகடாக்குங்கள். மெஷின் இல்லாவிட்டால் உருளையின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று விளையாட்டுச் சீட்டு வைத்து உருட்டினால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும்.

இப்போது ஒரு நீளமான கீற்று. அதன்மேல் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு இன்னொரு கீற்று, அதற்கும் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மற்றொன்று. ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று படிக்கட்டு மாதிரி நிற்கும். இந்தப் படிக்கட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மெல்லிய வெள்ளைத் தகட்டின்மேல் ஒட்டுங்கள். இன்னொரு பாதியை அப்படியே விடுங்கள். பின்பக்கம் ஊசியால் விகிதத்தைக் கீறி வையுங்கள். கீறாமல் விட்டால் சுட்டு எடுத்தபின் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

சுட்டு ஆறியதும் ஒன்றாக வரிசையில் வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது, 1:32 நீலத்தின் மூன்றாவது படி கிட்டத்தட்ட ஒளிபுகாத நீலமாகவே போயிருக்கும். ஒளி கசியும் க்ளே வாங்கிய காசு அங்கே வீண். 1:128 நீலத்தின் மூன்றாவது படியில்தான் நீங்கள் மனதில் நினைத்த நீலம் இருக்கும். இரண்டாவது, வெள்ளை ஒட்டிய பாதி பளிச்சென்று இருக்கும், ஒட்டாத பாதி மங்கலாக. ஏனென்றால் நிறத்தின் ஊடே போன வெளிச்சம் அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறது. கருப்பின்மேல் வைத்தால் அந்த வெளிச்சம் திரும்பாது, நிறம் செத்துப்போகும். மூன்றாவது, கனம் கூடக் கூடத் தெளிவு குறைகிறது. பெயரில் ஒளி கசிந்தாலும் இது கண்ணாடி கிடையாது. அரை மில்லிமீட்டரில் அடியில் உள்ளது துலக்கமாகத் தெரியும், மூன்று மில்லிமீட்டரில் பனிமூட்டம்.

வில்லைகளைப் பார்த்தபின் உங்கள் விகிதத்தை முடிவு செய்யுங்கள். நான் இந்தப் பதக்கத்துக்கு நீலம் 1:128, மஞ்சள் 1:32, நடுவில் மேலே சொன்ன பச்சை என்று வைத்துக்கொள்கிறேன். வில்லைகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூலையில் ஓட்டை போட்டு ஒரு வளையத்தில் கோத்து வைத்தால் அடுத்த வருஷமும் உதவும்.

6. அடுக்கு கட்டுவது

ஆறு தகடுகள் வேண்டும், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் சதுரம், ஒரு மில்லிமீட்டர் கனம்: நீலம், பச்சை, மஞ்சள் ஒவ்வொன்று, நிறம் போடாதது மூன்று.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ரேக்கு மூச்சுக் காற்றுக்கே பறக்கும். ரேக்கை எடுத்துக் க்ளேயின்மேல் வைக்கப் போனால் கையில் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். மாற்றிச் செய்யுங்கள்: ரேக்கு அதன் காகிதத்திலேயே கிடக்கட்டும், நீலத் தகட்டை அதன்மேல் இறக்குங்கள். லேசாக அழுத்தித் தூக்கினால் ரேக்கு தகட்டோடு வந்துவிடும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் அப்படியே.

ரேக்கு ஒட்டிய தகட்டை ஒரு எண் மெல்லிய அளவில் மெஷினில் ஒரு முறை ஓட்டுங்கள். தகடு நீளும், உலோகம் நீளாது, அதனால் ரேக்கு நூற்றுக்கணக்கான சில்லுகளாக வெடிக்கும். அழகுக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. க்ளே க்ளேயோடுதான் ஒட்டும், ரேக்கோடு ஒட்டாது. வெடிப்புகளின் வழியாகத்தான் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றையொன்று தொடுகின்றன. வெடிக்காத முழு ரேக்கை நடுவில் விட்டால், சுட்டபின் ஏடு ஏடாகக் கழன்று வரும்.

இப்போது அடுக்குங்கள். கீழே நீலம், ரேக்கு மேல்முகமாக. அதன்மேல் நிறம் போடாத தகடு. அடுத்து பச்சை, மறுபடி நிறமில்லாதது. பிறகு மஞ்சள், கடைசியில் நிறமில்லாதது. ஒவ்வொரு ரேக்குக்கும் மேலே நிறமில்லாத தகடு வருவதற்குக் காரணம், உலோகத்தின் மின்னல் நிறத்தில் மூழ்காமல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு தகட்டையும் வைக்கும்போது ஒரு விளிம்பை முதலில் ஒட்டி, மெல்ல எதிர்விளிம்பை நோக்கிச் சாய்த்து இறக்குங்கள். முழுதும் ஒரேயடியாகப் போட்டால் நடுவில் காற்று மாட்டும்.

அடுக்கை நடுவில் வெட்டி ஒரு பாதியை மறு பாதியின்மேல் வையுங்கள். பன்னிரண்டு அடுக்கு, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம். உருளையால் லேசாக அழுத்துங்கள். இன்னொரு முறை வெட்டி அடுக்கலாமா என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இருபத்துநான்கு அடுக்கை இதே உயரத்துக்கு அழுத்தினால் ஒவ்வொன்றும் மிக மெல்லியதாகிவிடும் என்பதால் சீவும்போது நிறங்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே சாயலாகக் கலந்துபோகும்.

7. குத்துவது, ஆறவிடுவது, சீவுவது

அடுக்கை டைலில் அழுத்தி ஒட்டுங்கள். பேனா மூடி, திருகு, பாசி, கம்பி நுனி, கையில் கிடைத்த எதை வைத்தும் மேலிருந்து ஆழமாகக் குத்துங்கள். பாதி உயரத்துக்காவது உள்ளே போக வேண்டும். குத்திய இடத்தில் மேல் அடுக்குகள் கீழே இறங்குகின்றன, பக்கத்தில் கீழ் அடுக்குகள் மேலே எழும்புகின்றன. சீவும்போது அந்த மேடு பள்ளம்தான் வளையங்களாக வெளிப்படும். மேலோட்டமாகத் தட்டி விட்டால் சீவலில் ஒரே நிறம்தான் வரும். கடைசியில் நான்கு பக்கமும் உள்நோக்கி அழுத்தி, குழிகளை நெருக்குங்கள்.

அடுத்தது பொறுமைக்கான இடம். இத்தனை நேரம் கைச்சூடு பட்ட க்ளே குழைந்து கிடக்கிறது, பிளேடு போட்டால் இழுபடும். டைலிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரமென்றால் குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் சுற்றித்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் குளிர்ந்த மேற்பரப்பில் நீர் பூக்கும், அந்த ஈரம் திரும்ப வெண்புள்ளியில் கொண்டுபோய் விடும்.

பிளேடை இரண்டு கையாலும் இரு முனையில் பிடித்து, வில் மாதிரி மிக லேசாக வளைத்து, கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்துச் சீவுங்கள். அழுத்தித் தள்ளாமல் பக்கவாட்டில் மெல்ல அசைத்தபடி முன்னேறுங்கள். சீவலின் ஊடாகப் பிளேடின் மினுக்கம் தெரிந்தால் கனம் சரி. முழுத் தகடாக வர வேண்டும் என்ற அவசியமே இல்லை, கிழிந்த துண்டுகளே நன்றாக இருக்கும். கனமான சீவலை வைத்து நேரத்தை மிச்சம் செய்யலாம் என்று நினைப்பவர்கள் படிக்கட்டு வில்லையை ஒரு முறை திரும்பப் பார்க்கவும்.

8. அடித்தளத்தின் மேல் ஒட்டுவது

வெள்ளை க்ளேயை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் தகடாக்குங்கள். சீவல்களை அதன்மேல் பரப்புங்கள். ஒவ்வொரு சீவலையும் திருப்பிப் பாருங்கள்: ரேக்கு வெளியே தெரியும் பக்கம் கீழே போக வேண்டும். மேலே இருந்தால் பின்னால் தேய்க்கும்போது முதலில் போவது அதுதான்.

முழுதும் மூடாதீர்கள். அங்கங்கே வெள்ளை தெரிந்தால்தான் வெளிச்சம் உள்ளே போய் வரும். எங்கேயும் இரண்டு சீவலுக்கு மேல் ஏறவும் வேண்டாம். இந்த இடத்தில் தாராளம் காட்டி மூன்று நான்கு என்று போட்டுத்தான், முன்பு சொன்ன அந்தக் கலங்கலில் போய் நிற்கிறோம்.

பேக்கிங் தாளை மேலே வைத்து விரலால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். பிறகு உருளை. அதன் பிறகு மெஷினில் ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து ஓட்டும்போது, தகட்டைக் கால் திருப்பு திருப்பித் திருப்பி விடுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் வட்டங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டு நீளும். சீவலின் ஓரம் விரலில் தட்டாத அளவு சமமானால் போதும்.

கட்டரால் வடிவத்தை வெட்டி, ஓரங்களைத் தாள் வைத்துத் தடவி வழித்துவிடுங்கள். தொங்கவிட ஓட்டை வேண்டுமானால் இப்போதே ஊசியால் போட்டுவிடுங்கள். டைலின்மேல் வெறுமனே வைத்துச் சுட்டால் பின்பக்கம் தொட்ட இடம் மட்டும் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். இடையில் சாதாரணக் காகிதம் ஒன்றை வையுங்கள்.

9. சுடுவது

பாலிமர் க்ளே என்பது மண் இல்லை, பி.வி.சி. துகள்களும் அவற்றை மென்மையாக வைத்திருக்கும் ஒரு திரவமும். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று உருகிப் பிணைகின்றன. பிணைப்பு முழுமையானால்தான் உறுதியும் வரும், தெளிவும் வரும். அரைவேக்காடு என்றால் மங்கலாகவும் இருக்கும், உடையவும் செய்யும். சூடு மிஞ்சினால் மஞ்சளாகும், பிறகு பழுப்பு. மற்ற நிறங்களில் மறைந்துவிடும் பழுப்பு ஒளி கசியும் க்ளேயில் மறையாது. எனவே இரண்டு பக்கமும் இடம் குறைவு.

பாக்கெட்டில் போட்டிருப்பதே சட்டம். ஃபீமோ 110 டிகிரி செல்சியஸ், செர்னிட் 110 முதல் 130 வரை, பார்டோ 120, பிரீமோ 130. பெரும்பாலும் முப்பது நிமிடம் என்று எழுதியிருக்கும். மெல்லிய பதக்கத்துக்குக்கூட நான் நாற்பத்தைந்து நிமிடம் விடுகிறேன். வெப்பம் சரியாக இருந்தால் நேரம் கூடுவதால் கெடுதல் இல்லை, குறைவதால் உண்டு. நேரத்தை வெப்பமானி அந்த எண்ணைத் தொட்ட பிறகு எண்ணுங்கள், கதவை மூடிய நேரத்திலிருந்து அல்ல.

ஒரு அலுமினியம் தட்டில் டைலை வைத்து, இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். கம்பியிலிருந்து வரும் நேர்ச்சூடுதான் மேற்பரப்பை முதலில் பழுப்பாக்குகிறது. மூடி அதைத் தடுக்கும். அடியிலுள்ள டைல் சூட்டைப் பிடித்து வைத்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். தட்டு ஓவனின் நடு அடுக்கில் இருக்கட்டும். மைக்ரோவேவில் இந்த வேலை ஆகாது. மைக்ரோவேவ் ஓவனிலேயே கன்வெக்ஷன் (சூடான காற்றில் சுடும் முறை) இருந்தால் அதை மட்டும் பயன்படுத்தலாம், ஆனால் அலுமினியம் தட்டு வைக்கலாமா என்று அதன் கையேட்டைப் பார்த்துவிட்டு.

ஒரு எச்சரிக்கை. 175 டிகிரியை ஒட்டிப் போனால் பி.வி.சி. சிதையத் தொடங்கி, மூக்கையும் கண்ணையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காரமான நெடி அடித்தால் ஓவனை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியே வாருங்கள். க்ளே போனால் போகட்டும்.

10. ஐஸ் தண்ணீர்

ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவு கூடும் என்பார்கள். மெல்லிய துண்டுகளில் நான் பார்த்தவரை கூடத்தான் செய்கிறது, சில பிராண்டில் நன்றாக, சிலவற்றில் பெயருக்கு. உங்கள் படிக்கட்டு வில்லையிலேயே ஒன்றைப் போட்டும் ஒன்றைத் தானாக ஆறவிட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

பதக்கத்தை மட்டும் இடுக்கியால் எடுத்துப் போடுங்கள். டைலோடு போட்டால் டைல் வெடிக்கும். கனமான உருவங்களையும், உள்ளே கண்ணாடி வைத்துச் செய்தவற்றையும் இப்படிச் செய்ய வேண்டாம், விரிசல் விடும்.

11. தேய்ப்பது, மெருகு

இத்தனை வேலை செய்தும் பதக்கம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். பயப்படாதீர்கள். மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. நனைத்துப் பாருங்கள்: ஈரமாக இருக்கும்போது தெரிகிற ஆழம்தான் மெருகேற்றியபின் நிரந்தரமாக நிற்கப்போவது.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. தண்ணீருக்குள்ளேயே தேயுங்கள், தூள் மூச்சில் போகாது, உப்புத்தாளும் அடைபடாது. 400, 600, 800, 1000, 1500, 2000 என்ற வரிசையில் போங்கள். ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும், எவ்வளவு மெருகு போட்டாலும் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு நம்பருக்கும் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் 400இன் தூள் 1000இன் வேலையைக் கெடுக்கும்.

400இல் மட்டும் நிதானம் தேவை. சீவல் காகிதக் கனம்தான், நான்கு தேய்ப்பு அதிகமானால் ரேக்கு வெளியே வந்துவிடும். நடு நடுவே துடைத்துவிட்டுப் பாருங்கள். சீவல் ஏற்கெனவே வழவழப்பாக ஒட்டியிருந்தால் 600இலிருந்தே தொடங்கலாம்.

கடைசியில் காய்ந்த ஜீன்ஸ் துணியில் வேகமாகத் தேயுங்கள். வார்னிஷ் கட்டாயமில்லை. போட விரும்பினால் பாலிமர் க்ளேக்கென்று விற்கும் தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷை மெல்லியதாகப் போடுங்கள். நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் க்ளேயை நாளடைவில் பிசுபிசுப்பாக்கிவிடும்.

12. சரியாக வராவிட்டால்

உள்ளே பிறைப் புள்ளிகள் என்றால் மூன்றாவது பகுதிக்குப் போங்கள்: காற்று அல்லது ஈரம். அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கல் மாதிரி செய்யும் வேலைகளுக்கு இந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு.

ஓரம் மட்டும் மஞ்சளாக, நடுவில் தெளிவாக இருந்தால் மூடி சரியில்லை, அல்லது தட்டு கம்பிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. எல்லா இடமும் சமமாக மஞ்சள் என்றால் வெப்பமானியைப் பாருங்கள். வளைத்ததும் பட்டென்று உடைந்தால் வேகவில்லை. உடையாத மற்ற துண்டுகளைத் திரும்ப ஓவனில் வைத்து முழு நேரம் சுடலாம், தப்பில்லை.

சீவல் உரிந்து வந்தால் ரேக்கு வெடிக்காமல் இருந்திருக்கும். உரிந்த இடத்தில் திரவ க்ளேயை மெல்லப் பூசி ஒட்டி, மறுபடி சுட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

நிறம் அழுத்தமாகிவிட்டது, ஆனால் மற்றதெல்லாம் சரி என்றால் அதற்கு மருந்து இல்லை. மிச்சமிருக்கும் சுடாத அடுக்கைத்தான் காப்பாற்ற முடியும்: இன்னும் மெல்லியதாகச் சீவி, சீவல்களை இன்னும் தள்ளித் தள்ளி ஒட்டி, வெள்ளைக்கு அதிக இடம் கொடுங்கள். அடுத்த சீவலை எடுக்கும் முன் அதிலிருந்து ஒரு துண்டை வெள்ளையில் ஒட்டிச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.